சோடி வள்ளம் – அத்தியாயம் 9: மறைக்கும் கை

“மாமா, அலுமாரித் திறப்பைத் தாங்கோ.”

கேட்டே விட்டாள். செத்தாலும் கேட்காதே என்று அம்மா எந்தச் சாவியைச் சொல்லியிருந்தாளோ, அதையே சனிக்கிழமை காலை, மாமா சாப்பாட்டில் கைவைத்திருக்கும் நேரமாகப் பார்த்து, கதவு நிலையில் ஒரு கையை ஊன்றியபடி நின்று கேட்டாள் றஜனி.

மரியரட்ணத்தின் கை பாண் துண்டோடு சொதிக் கோப்பைக்குள் நின்றது. குசினிக்குள் சட்டி கழுவிக்கொண்டிருந்த அற்புதராணி மாமி பைப்பை மூடிவிட்டுக் காதைத் தீட்டினாள்.

“என்ன திறப்பு?”

“வாசிகசாலை அலுமாரித் திறப்பு. வின்சன்ற் மச்சான் பாரிசிலையிருந்து அனுப்பின ரப் இருக்கிற அலுமாரி.”

“அது அங்கை கிடக்குத்தானே.”

“கிடக்கிறதுதான் எனக்கு விசர் வருது.”

இந்த வீட்டில் யாரும் எதையும் கேட்பதில்லை. மாமா தருவார், மற்றவர்கள் வாங்குவார்கள். அதுதான் முறை. அப்பா மன்னாருக்குத் தொழிலுக்குப் போய் அங்கேயே இன்னொரு குடும்பமாகிப்போன வருடம், தங்கச்சியையும் அவளுடைய கைப்பிள்ளையையும் தன் வளவுக்குள் கூட்டிவந்து குடிவைத்தவர் மரியரட்ணம். அன்றிலிருந்து அம்மா அண்ணனுக்கு முன்னால் கதிரையில் இருந்ததில்லை.

அந்தக் கைப்பிள்ளை வளர்ந்து பல்கலைக்கழகம் போய்ப் பட்டமும் வாங்கியது. அவர்கள் பரம்பரையிலேயே முதல் பட்டம். குருநகர்ச் சந்தியில் மாமா ஒரு வாழ்த்துப் பதாகை கட்டினார். அதில் பட்ட உடுப்போடு றஜனி ஒரு மூலைக்குள் முத்திரையளவில் நின்றாள். நடுவில் மாமா கைகூப்பியபடி ஆளுயரத்துக்குச் சிரித்துக்கொண்டிருந்தார்.

அந்தப் படிப்பின் கடைசி வருடத்தில் அவள் செய்ததுதான் ‘சோடி வள்ளம்’. இரண்டு பிள்ளைகள் சேர்ந்து விளையாடுகிற வீடியோ கேம். பின்னக் கணக்கும் திசையும் வாசிப்பும் விளையாட்டுக்குள்ளேயே ஒளிந்திருக்கும். போன கிழமை, கடற்கரையில் வலை தைக்கிற கொட்டிலான வாடிக்குள், தன் போனையும் அம்மாவின் போனையும் கொடுத்து, அயல்வீட்டு யூடித்தையும் அவளுடைய தம்பியையும் முதன்முதலாக விளையாட விட்டாள். பின்னம் என்றாலே வயிற்றுக்குத்து வருகிற யூடித், அன்றைக்கு வீட்டுக்குப் போகமாட்டேன் என்று அடம்பிடித்தாள். மறுநாள் வாடி வாசலில் பிள்ளைகள் வரிசை கட்டி நின்றார்கள்.

இருந்தது இரண்டு போன். வாசிகசாலை அலுமாரிக்குள், மாமாவின் மகன் வின்சன்ற் ஊர்ப் பிள்ளைகளுக்கென்று அனுப்பிய இருபது ரப் கணினிகள், கடையில் சுற்றிய பொலித்தீன்கூடப் பிரியாமல்.

“பொருளின்ரை அருமை தெரியாத பிள்ளையள், றஜனி. ஒரு கிழமையிலை உடைச்சுப்போடுங்கள். வின்சன்ற் வாற வருசம் வருவான். தன்ரை கையாலை குடுக்கட்டும். மேடை போட்டு, பாதரைக் கூப்பிட்டு, வடிவாச் செய்வம்.”

“அதுக்கிடையிலை பற்றரி செத்துப்போகும்.”

“போன வருசமும் குடுத்துப் படம் எடுத்தனாங்கள் தானே?”

“எடுத்தது நான். ஒரு ரப்பும் ஒன் ஆகேல்லை. பிள்ளையள் கறுப்புக் கண்ணாடியைப் பாத்துச் சிரிச்சுதுகள். படம் எடுத்து முடிய நீங்களே பறிச்சு அடுக்கிப் பூட்டினீங்கள். பிள்ளையள் ஒவ்வொரு நாளும் அதிலை படிக்குதுகள் எண்டு மச்சான் இண்டைக்கும் நினைச்சுக்கொண்டிருக்கிறார்.” றஜனி கையைக் கதவு நிலையிலிருந்து எடுத்தாள். “திறப்பைத் தாங்கோ, மாமா. இல்லாட்டி அலுமாரியைப் படம் எடுத்து நான் அவருக்கு அனுப்புவன்.”

குசினிக்குள்ளிருந்து, “யேசுவே!” என்றாள் மாமி.

மரியரட்ணம் கத்தவில்லை. கத்திக் காரியத்தைக் கெடுக்கிறவர்கள் மீது அவருக்கு இளக்காரம். பாண் துண்டை வாயில் போட்டு ஆறுதலாக மென்றார். கையைக் கழுவினார். துவாயில் ஒவ்வொரு விரலாகத் துடைத்தார். பிறகு எழுந்துபோய், அந்தோனியார் படத்துக்குக் கீழே ஆணியில் தொங்கிய திறப்பை எடுத்தார்.

“பின்னேரம் நாலு மணிக்கு வாசிகசாலையிலை செய்து காட்டு. ஜெயசுதன் சேரையும் கூப்பிடுறன்.”

“அவர் ஏன்?”

“ஏனோ? அஞ்சாம் வகுப்புப் புலமைப்பரிசில் சோதினை எண்டாச் சனம் அவற்றை ரியூசன் சென்ரருக்குத்தான் ஓடுது. அவருக்குப் பிடிச்சிட்டால் உனக்கு அங்கை ரீச்சர் வேலை. ரப்பும் அங்கை போகட்டும், கவனமாப் பாப்பினம். பிடிக்கேல்லையெண்டா அலுமாரியைப் பூட்டிப்போட்டு நீ கச்சேரியிலை அரசாங்க வேலைக்குச் சோதினை எடு. சம்மதமோ?”

சம்மதம் என்று அவள் சொல்லவில்லை. “நாலு மணிக்கு வாறன்” என்று சொல்லித் திறப்பை வாங்கிக்கொண்டு இறங்கினாள்.

*

அவள் மீன்சந்தைக்குப் போய்ச் சேரும் முன்பே செய்தி சேர்ந்திருந்தது.

“கேட்டிட்டியாம்?”

அம்மா செபஸ்தியம்மா நிமிரவில்லை. விளைமீன் ஒன்றின் செதிலைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். செதில்கள் அவளுடைய சீலையிலும் கையிலும் சதுரப் பலகையிலும் தெறித்தன.

“மாமி போன் எடுத்திட்டாவோ?”

“எடுக்காமல்? ‘உன்ரை மோள் என்ரை மனிசனை வெருட்டுறாள்’ எண்டு ஒரே அழுகை. உன்ரை வாயை நைலோன் நூலாலை தைக்கோணுமடி.”

“தையுங்கோ. ஆனாத் திறப்பு என்ரை கையிலை.” விரலில் மாட்டிச் சுழற்றிக் காட்டினாள்.

அம்மாவின் கத்தி ஒரு கணம் நின்றது. முகத்தில் ஏதோ ஒன்று எட்டிப்பார்த்துவிட்டு ஓடி ஒளிந்தது. மறுபடி சுரண்டல்.

“என்ன செபஸ்தி, உன்ரை பெட்டை கச்சேரியிலை இருக்கிற ஜீ.ஏ. அம்மா மாதிரி எல்லோ நிக்கிறாள்!” என்றாள் பக்கத்துக் கடைக்காரி. “மீன் வாங்கப் போறாவோ, சந்தையை மூடப் போறாவோ?”

“மூடினாலும் மூடுவாள். உவளுக்கு ஆரிட்டையும் பயமில்லை.” திட்டுவதுபோலத்தான் சொன்னாள் அம்மா. ஆனால் கடைக்காரிக்குக் கேட்கும்படி சொன்னாள்.

பலகையின் ஓரத்தில், தண்ணீர் படாமல் பிளாஸ்ரிக் உறைக்குள் இருந்த அம்மாவின் போன் கிணுகிணுத்தது. செபஸ்தியம்மா கையைத் துடைத்துவிட்டுப் பார்த்தாள். மீனைப் படமெடுத்து வட்சப்பில் பக்கத்துத் திருநெல்வேலி வீடுகளுக்கு அனுப்பி விற்கப் பழக்கியதே றஜனிதான். முதலில் “கண்டறியாத வேலை” என்றவள், இப்போது வீடியோவே எடுத்து அனுப்புகிறாள், செவுளைத் தூக்கிக் காட்டி.

“வாத்தியார் வீட்டு மனிசி பெருவிரல் காட்டியிருக்கிறா. விளைமீன் போச்சு.” போனை வைத்தாள். குரலைத் தணித்தாள். “இஞ்சை கேள், பிள்ளை. பின்னேரம் அந்தச் சேர் என்ன சொன்னாலும் ஓம் எண்டு சொல்லு. ஒரேயொரு ஓம். வாய் தேயாது. உள்ளுக்கை போனாப் பேந்து உன்ரை விருப்பத்துக்குச் செய்.”

“அம்மா, ரப் எல்லாம் அங்கை போனா யூடித் எங்கை போறது? ‘றிசல்ற் குறையும்’ எண்டு சொல்லி அவளைப் போன மாசம் அந்தச் சென்ரரிலையிருந்து நிப்பாட்டிப்போட்டினம்.”

“ஊர்ப் பிள்ளையை விடு. நான் என்ரை பிள்ளையைக் கதைக்கிறன்.” செபஸ்தியம்மா இப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள். “இந்தச் சந்தையிலை வாறவன் போறவன் எல்லாம் என்னை ‘எடியே’ எண்டுதான் கூப்பிடுறான். உன்னை ஒருத்தன் ‘ரீச்சர்’ எண்டு கூப்பிடுறதை நான் இந்தக் காதாலை கேக்கோணும். வேறை ஒண்டும் எனக்கு வேண்டாம்.”

றஜனி திறப்பை உள்ளங்கைக்குள் பொத்திக்கொண்டு நடந்தாள்.

*

நாலு மணிக்கு வாசிகசாலை நிறைந்துவிட்டது. முன்வாங்குப் பலகையில் தாய்மார். பத்திரிகை மேசையைச் சுவரோடு தள்ளிவிட்டு நடுவில் கதிரைகள். ஒரு பாதியில் ஜெயசுதன் சேரிடம் படிக்கிற பிள்ளைகள், தலைக்கு எண்ணெய் வைத்து, நெற்றி மினுங்க. மறு பாதியில் வாடி வாசலில் வரிசை கட்டியவர்கள், காலில் கடற்கரை மணலோடு.

மத்தியானமே வந்து, உறையின் ஓரத்தை மட்டும் வெட்டி, இருபதுக்கும் மின் ஏற்றிக் கேமையும் போட்டு வைத்திருந்தாள் றஜனி. அலுமாரி திறந்தபோது புதுப் பிளாஸ்ரிக் மணம் அடித்தது. றஜனி முதல் ரப்பை எடுத்துப் பொலித்தீனைச் சர்ரென்று கிழித்தாள்.

“கழட்டாதை, கழட்டாதை! கண்ணாடி கீறுப்பட்டுப்போம்!” என்று பாய்ந்து வந்தார் மரியரட்ணம்.

“கீறுப்படட்டும் மாமா. பாவிச்சது எண்டு தெரியட்டும்.”

ஜெயசுதன் சேர் சிரித்தார். மடிப்புக் கலையாத வெள்ளைச் சேட், பையில் மூன்று நிறப் பேனை. கெட்ட மனிதர் அல்ல. பிள்ளைகளின் பெயர் ஒன்றுவிடாமல் நினைவில் வைத்திருப்பவர். வந்தவுடன் வெண்பலகையைத் துடைத்து, ஒன்று, இரண்டு, மூன்று என்று இலக்கம் போட்டு, பக்கத்தில் பெயருக்கு இடம் விட்டு, பேனையைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

றஜனி பிள்ளைகளுக்குச் சொன்னாள்.

“இரண்டு பேருக்கு ஒரு வள்ளம். ஒருத்தருக்குக் கடல் படம் தெரியும். எங்கை கல்லு, எங்கை எவ்வளவு ஆழம் எண்டு எல்லாம் தெரியும். ஆனா வள்ளத்தைத் திருப்பேலாது. மற்றவருக்குச் சுக்கானும் இஞ்சினும். ஆனாக் கண் தெரியாது. ஒரு பாகம் எண்டா ஒரு பெரிய ஆள் இரண்டு கையையும் விரிச்ச நீளம். ஒரு பாகத் தண்ணி இல்லாட்டி வள்ளம் தரைதட்டும். படத்திலை இரண்டேகால் பாகம் எண்டு கிடக்கும். வற்று வந்து கடல் தண்ணி ஒண்டரைப் பாகம் இறங்கினா மிச்சம் எவ்வளவு?”

“முக்கால்!” ஒரே பிள்ளையின் குரல். மாமாவின் மகள்வழிப் பேத்தி தர்சினி. ரியூசனில் எப்போதும் முதலாம் பிள்ளை. மாமா தாய்மார் பக்கம் ஒரு பார்வை பார்த்துக்கொண்டார்.

“கெட்டிக்காரி. அப்ப போகலாமோ, போகேலாதோ எண்டு சோடிக்குச் சொல்லோணும். சொன்னாத்தான் கரை. தனியக் கரை சேர ஒருத்தராலும் ஏலாது.”

ரியூசன் பிள்ளை ஒருவருக்கு வாடிப் பிள்ளை ஒருவராகச் சோடி பிரித்தாள். தர்சினிக்கு யூடித் வந்தாள். தர்சினியிடம் கடல் படம், யூடித்திடம் சுக்கான்.

விளையாட்டுத் தொடங்கியது.

சத்தமே இல்லை. மின்விசிறி சுற்றுவது கேட்டது. தாய்மார் ஒருவரையொருவர் பார்த்துப் பூரித்தார்கள். “என்ன அமைதி! வீட்டிலை போனைக் குடுத்தா நாய் பூனை மாதிரிக் கடிபடுங்கள்.”

வாடியில் இப்படி இருக்கவில்லையே. அங்கே சத்தத்தில் காகம்கூடப் பக்கத்தில் வரவில்லை. றஜனி வரிசைகளுக்கிடையே நடந்து பார்த்தாள். ஒவ்வொரு திரையிலும் வள்ளம் கல்லில் ஏறிக் கவிழ்ந்துகொண்டிருந்தது. ஒன்று, பிறகு மற்றொன்று, பிறகு இன்னொன்று.

அப்போதுதான் கண்டாள்.

கடல் படம் வைத்திருந்த பிள்ளைகள் எல்லோரும் இடது கையை மடக்கி, முழங்கையை ஊன்றி, ரப்பைச் சுற்றி மதில் கட்டியிருந்தார்கள். பரீட்சைத் தாளை மறைக்கிற அதே கை. தர்சினி விடையைக் கண்டுபிடித்துவிட்டாள். உதடு அசைந்தது. விடை அவளோடேயே இருந்தது.

“சொல்லன்டி!” என்றாள் யூடித், கண்ணீர் முட்ட.

“சொல்லமாட்டன். நீ பாத்து எழுதப்போறாய்.”

“எழுத இதிலை என்னடி கிடக்கு?”

“சேர் சொன்னவர், பக்கத்துப் பிள்ளைக்குக் காட்டினா எங்கடை மாக்ஸ் போயிடும் எண்டு.”

“ஓம், ஓம். நான் பழக்கினதுதான்,” என்றார் ஜெயசுதன் சேர் பெருமையாக. “முதலாம் வகுப்பிலையிருந்தே கையாலை மறைச்சு எழுதப் பழக்கோணும். பிறகு பழக்கேலாது.”

மரியரட்ணம் எட்டிப்பார்த்தார். “எல்லா வள்ளமும் கல்லிலை அடிச்சுத் தாண்டுபோச்சுப் போலை. என்ன பிள்ளை, உன்ரை விளையாட்டை ஒருத்தராலும் வெல்லேலாதோ?”

முன்வாங்கில் சிரிப்பு எழுந்தது. றஜனிக்கு விளங்கிவிட்டது. பிழை தன்னுடையதுதான். கத்திக் கத்தியே வளர்ந்த யூடித்தையும் தம்பியையும் வைத்துச் சோதித்துப் பார்த்துவிட்டு, எல்லாப் பிள்ளைக்கும் வாய் இருக்கிறது என்று நம்பிவிட்டாள். ஐந்து வருடமாகக் கையால் மறைக்கப் பழக்கிய பிள்ளையிடம் ‘சொல்லு’ என்றால் எப்படிச் சொல்லும்?

கோபம் வந்தால் அவளுக்கு மூளை வேலை செய்யும். இப்போது நன்றாக வேலை செய்தது.

“எல்லாரும் எழும்புங்கோ. கதிரையைத் திருப்புங்கோ. முதுகோடை முதுகு முட்ட இருங்கோ.”

கதிரைக் கால்கள் சீமெந்தில் கீச்சிட்டன.

“இப்ப ஆரும் ஆற்றையையும் பாத்து எழுதேலாது. பின்னாலை கண் இல்லை. சரியோ தர்சினி? அப்ப கையை எடு. வாயைத் திற.”

தர்சினி அம்மப்பாவைப் பார்த்தாள். சேரைப் பார்த்தாள். கை மெல்ல விலகியது. வாயிலிருந்து வந்தது ஒரு முணுமுணுப்பு.

“எடியே, எனக்குக் கேக்கேல்லை!” என்று கத்தினாள் யூடித். தகப்பன் வள்ளத்தின் முன்னுக்கு, அணியத்தில் நிற்கிறவனைப் பார்த்துக் கத்துகிற அதே கத்தல். “என்ன தண்ணியடி? இஞ்சின் ஓடுது, கெதியாச் சொல்லு!”

“மூண்டேகால்…”

“வற்று?”

“ஒண்டரை! மிச்சம்… ஒண்டேமுக்கால்! போ, போகலாம்! அய்யோ, வலப்பக்கம் கல்லு, வலப்பக்கம் கல்லு! இடப்பக்கம் திருப்படி, மாடு!”

தர்சினியின் வாயில் ‘மாடு’ என்ற சொல்லை அந்த ஊர் அன்றுதான் கேட்டது.

பிறகு அணை உடைந்தது. பத்துச் சோடியும் கத்தியது. காலும் அரையும் முக்காலும் கூரையில் மோதின. வீதியில் போன ஆட்டோ ஒன்று என்ன சண்டையோ என்று நின்று பார்த்துவிட்டுப் போனது. முன்வாங்கில் இருந்த தாய் ஒருத்தி தன்னை மறந்து, “இடப்பக்கம், இடப்பக்கம்!” என்று எழுந்து நின்றுவிட்டாள்.

“இது வாசிகசாலையோ, மீன்சந்தையோ?” மரியரட்ணம் இரண்டு காதையும் பொத்தினார்.

“நான் மீன்சந்தையிலை வளந்தனான் மாமா. எனக்குச் சத்தத்துக்குப் பயமில்லை.”

சொல்லிவிட்டு வாசலைப் பார்த்தாள். அம்மா வந்து நின்றாள். வெறுங்கூடை இடுப்பில், போன் முகத்துக்கு நேரே. திருநெல்வேலிக்காரி யாருக்கோ நாளைய மீனைச் சொல்கிறாள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள் றஜனி.

முதலில் கரை சேர்ந்தது தர்சினி, யூடித் சோடி. சேர்ந்ததும் கரையில் கலங்கரை விளக்கான வெளிச்சவீடு எரிந்தது. அவர்களுடைய திரையில் மட்டுமல்ல, இருபது திரையிலும். இருட்டில் கிடந்த கல்லுகள் மற்றவர்களுக்கும் தெரியத் தொடங்கின. ஒவ்வொரு வள்ளமாக உள்ளே வந்தது. கடைசி வள்ளம் கட்டியபோது மற்றப் பிள்ளைகள் எல்லோரும் எழுந்து துள்ளினார்கள். தர்சினியும் யூடித்தும் முதுகோடு முதுகு சாய்ந்தபடியே சிரித்தார்கள்.

*

ஜெயசுதன் சேர் உண்மையாகவே கைதட்டினார்.

“அருமை, தங்கச்சி. சும்மா சொல்லேல்லை. பின்னத்துக்கு நான் ஒரு தவணை மினக்கெடுறனான். இதை நான் எடுக்கிறன். வாற மாசமே சென்ரரிலை தொடங்குவம்.”

தாய்மாரிடம் சலசலப்பு. மரியரட்ணத்தின் நெஞ்சு நிமிர்ந்தது. “எங்கடை வீட்டுப் பிள்ளை, சேர். நான் படிப்பிச்ச பிள்ளை.”

“ஒரு மூண்டு சின்னத் திருத்தம் மட்டும்.” சேர் பேனை மூடியைக் கழற்றினார். “ஒண்டு, ஆளுக்குத் தனிய மாக்ஸ் விழோணும். சோடிக்கு மாக்ஸ் எண்டாத் தாய் தகப்பன் ஒத்துக்கொள்ளாயினம். கணக்குச் செய்தது தர்சினி. மற்றப் பிள்ளை சும்மா திருப்பினதுதானே? இரண்டு, கெட்டிக்காரரைக் கெட்டிக்காரரோடை சோடி போடுவம். மூண்டாவது, அந்த வெளிச்சவீடு. ஒருத்தன் கஷ்ரப்பட்டு வந்தா, மற்றவனுக்கு ஏன் வெளிச்சம்? அதை எடுத்துவிடுங்கோ.”

சொல்லிக்கொண்டே பலகைப் பக்கம் திரும்பி, முதலாம் இலக்கத்துக்கு நேரே அழகான எழுத்தில் ‘தர்சினி’ என்று எழுதினார்.

தர்சினி பலகையைப் பார்த்தாள்.

யாரும் மறைக்கச் சொல்லவில்லை. அவளுடைய இடது கை தானாகவே மடங்கி, மடியில் இருந்த ரப்பைச் சுற்றிக்கொண்டது. முதுகு நிமிர்ந்தது. சாய்ந்திருந்த யூடித் சாய மறுபக்கம் இல்லாமல் தடுமாறி எழுந்து உட்கார்ந்தாள்.

அதற்குப் பிறகு றஜனிக்கு யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை.

“திங்களுக்கிடையிலை மாத்தித் தருவீங்களோ, ரீச்சர்?” என்று கேட்டார் சேர்.

ரீச்சர். நிறைந்த சபையில், எல்லோர் காதும் கேட்க. வாசலில் அம்மாவின் கை கூடை விளிம்பை இறுக்கிப் பிடித்தது. கண் மகளிடம் கெஞ்சியது: ஓம் சொல்லு, ஒரேயொரு ஓம்.

“மாத்தமாட்டன், சேர்.”

“என்ன?”

“நீங்கள் கேட்ட மூண்டையும் எடுத்தா மிஞ்சுறது உங்கடை மாதிரி வினாத்தாள். அது உங்களிட்டைக் கட்டுக்கட்டாக் கிடக்கு. அதுக்கு நான் தேவையில்லை.”

“றஜனி!” மாமாவின் குரல் முதன்முறையாக உயர்ந்தது. “சபையிலை ஆரோடை கதைக்கிறாய் எண்டு பாத்துக் கதை. சேர் உனக்கு வேலை தாறார்.”

“தெரியும் மாமா. எனக்கும் வேலை வேணும்தான். ஆனா யூடித்தை வெளியிலை விட்டிட்டு உள்ளுக்கை வந்து ரீச்சராக எனக்கு ஏலாது.” அவள் பலகையைக் காட்டினாள். “அஞ்சு நிமிசத்துக்கு முந்தி உங்கடை பேத்தி வாய்விட்டுச் சிரிச்சவள். சேர் ஒரு பேரை எழுதினார். இப்ப அவளின்ரை கையைப் பாருங்கோ.”

எல்லோரும் பார்த்தார்கள். தர்சினி அவசரமாகக் கையை எடுத்தாள். எடுத்த கையை எங்கே வைப்பதென்று அவளுக்குத் தெரியவில்லை.

ஜெயசுதன் சேர் பேனையை மூடிப் பையில் செருகினார். “தங்கச்சி இன்னும் உலகம் பாக்கேல்லை,” என்றார்.

“பாத்திட்டன் சேர். அதுதான் கேம் செய்தனான்.”

றஜனி திறப்பை மாமாவுக்கு முன்னால் மேசையில் வைத்தாள்.

“இந்தாங்கோ. ரப் உங்கடை. அலுமாரியிலை அடுக்குங்கோ. கேம் என்ரை. அது போனிலையும் ஓடும்.” தாய்மார் பக்கம் திரும்பினாள். “நாளைக்குப் பூசை முடியப் பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு வாடிக்கு வாங்கோ. ஒரு சோடிக்கு இரண்டு போன் காணும். வெளிநாட்டிலையிருந்து வந்த போன் எல்லார் வீட்டிலையும் கிடக்கு. காசு இல்லை. முதலாம் பிள்ளையும் இல்லை.”

“வாடியோ?” மரியரட்ணம் கதிரையில் நன்றாகச் சாய்ந்தார். சிரிப்பு திரும்பிவிட்டிருந்தது. “அந்த வாடி ஆற்றை எண்டு தெரியுமோ பிள்ளை? கடற்றொழிலாளர் சங்கத்தின்ரை. சங்கத்துக்குத் தலைவர் ஆர்? நாளைக்குக் காலமை அதுக்கும் பூட்டு விழும்.”

“அப்ப மணலிலை இருப்பம். கடற்கரைக்குத் திறப்பில்லை, மாமா.”

ஒருவரும் சிரிக்கவில்லை. முன்வாங்கில் ‘இடப்பக்கம்’ என்று கத்திய தாய் மட்டும், தன் கைப்பையைத் திறந்து போன் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டாள்.

“இந்த வாசலாலை இப்ப இறங்கினியெண்டா, என்ரை வளவுக்குள்ளை பேந்து எப்பிடி ஏறுறாய் எண்டு பாக்கிறன்,” என்றார் மாமா, மெதுவாக. சொன்னது மருமகளுக்கு. பார்த்தது தங்கச்சியை.

செபஸ்தியம்மா வாசலை மறித்து நின்றாள். றஜனி அவளுக்கு முன்னால் போய் நின்றாள். அம்மாவின் கன்னத்தில் காலையில் தெறித்த செதில் ஒன்று இன்னமும் ஒட்டிக்கொண்டிருந்தது. றஜனி அதை விரலால் எடுத்துவிட்டாள்.

அம்மா கூடையை மற்ற இடுப்புக்கு மாற்றினாள். வாசலில் ஓர் ஆள் போகும் வழி விட்டது.

றஜனி படியில் கால் வைத்தபோது பின்னால் மாமாவின் போன் அடித்தது. பாரிசிலிருந்து வருகிற வீடியோ அழைப்பின் ஓசை. “ஓம் தம்பி, சொல்லு…” என்று தொடங்கிய குரல், பிறகு தேய்ந்தது.

“என்ன வீடியோ?… இல்லை… ஆர் அனுப்பினது?… முதுகோடை முதுகோ?… இல்லையடா தம்பி, போன வருசப் படத்திலையும்…” மாமா குரலைத் தணித்தார். “…ஓம், இஞ்சைதான் நிக்கிறாள்.”

வாசலில் செபஸ்தியம்மா தன் போனைப் பிளாஸ்ரிக் உறைக்குள் கவனமாகப் போட்டு இடுப்பில் செருகினாள். அண்ணனைப் பார்க்கவில்லை. கூரையில் என்னவோ இருப்பதுபோல மேலே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“றஜனி!” மாமாவின் குரலில் இதுவரை அவள் கேட்டிராத ஒரு கெஞ்சல். “நில் பிள்ளை. வின்சன்ற் உன்னோடை கதைக்கோணுமாம். இப்பவே.”

றஜனி வீதியில் இறங்கிவிட்டாள். கடற்காற்று முகத்தில் அடித்தது.

“நாளைக்குப் பூசை முடியக் கடற்கரைக்குப் போன் எடுக்கச் சொல்லுங்கோ, மாமா,” என்றாள், திரும்பாமலே. “இப்ப எனக்கு வேலை கிடக்கு.”